ஏழாம் வசனம்

கடந்த ஒக்ரோபர் மாதத் தொடக்கத்தில் எங்கள் தமிழ்ச் சபையின் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். வலிகாமம் முழுவதும் வெளிக்கிட்டு நடந்த 1995 ஒக்ரோபர் 30ஐ நினைத்து, 30 வருட நிறைவில் ஒரு சிறு ஆராதனை வைக்கிறார்களாம்.

"சங்கீதம் 137ஐ நீர்தான் வாசிக்க வேணும், தம்பி. ஆனா ஆறாம் வசனத்தோடை நிப்பாட்டிவிடும். மிச்சம் அண்டைக்குத் தேவையில்லை."

"சரி அண்ணை" என்றேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் அந்தச் 'சரி' தொண்டைக்குள் சிக்கியது.

இந்த இதழை வாசிப்பவர்களில் பலர் வேதாகமத்தைக் கையில் எடுத்திருக்க மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை அழித்து, மக்களைச் சிறைபிடித்துக்கொண்டு போனது. அப்படிப் போனவர்களின் பாட்டுத்தான் 137ஆம் சங்கீதம். மொத்தம் ஒன்பது வசனங்கள். முதல் ஆறும் அந்நிய நாட்டு ஆற்றங்கரையில் இருந்து ஊரை நினைத்து அழுவது. வாத்தியங்களை மரத்தில் மாட்டிவிட்டார்கள். பிடித்துவந்தவர்கள் பாடச் சொல்லிக் கேட்கிறார்கள். இவர்களுக்கு வாய் வரவில்லை. ஊரை மறந்தால் என் கை விளங்காமல் போகட்டும் என்று தம்மைத் தாமே சபித்துக்கொள்கிறார்கள். புலம்பெயர்ந்த தமிழருக்கு இதைவிட நெருக்கமான பாட்டு வேதாகமத்தில் இல்லை.

ஏழாவதில் குரல் மாறுகிறது. எருசலேம் விழுந்த நாளில், இடி, அடியோடு இடி என்று கத்திய ஏதோமியரை மறந்துவிடாதே என்று கடவுளிடம் முறையிடுகிறார்கள். எட்டும் ஒன்பதும் பாபிலோனுக்கான சாபம். கடைசி வரியில், பாபிலோனின் குழந்தைகளைப் பிடித்துக் கல்லில் மோதுகிறவன் பாக்கியவான் என்று வருகிறது.

ஆறோடு நிறுத்தும் வழக்கத்தை எங்கள் செயலாளர் கண்டுபிடிக்கவில்லை. கத்தோலிக்கக் குருமாரும் துறவிகளும் நாளின் வெவ்வேறு வேளைகளில் செபிக்கும் நூல் 1971ல் புதுப்பிக்கப்பட்டபோது, இந்தச் சங்கீதம் ஆறாம் வசனத்தோடு முடிக்கப்பட்டது. சாபம் நிறைந்த வேறு மூன்று சங்கீதங்கள் முழுவதுமாகவே விடப்பட்டன. ஜமெய்க்காவின் மெலோடியன்ஸ் குழு 1970ல் பாடி, 1978ல் பொனி எம் உலகம் முழுவதும் ஆடவைத்த பாட்டும் இதே சங்கீதம்தான். அதிலும் கடைசி வசனங்கள் இல்லை. ஆதித் திருச்சபையின் ஒரிஜெனும் அகுஸ்தீனும் வசனத்தை விடவில்லை. பொருளை மாற்றினார்கள்: குழந்தைகள் என்பது மனதில் முளைக்கும் தீய எண்ணங்கள், வளரமுன் கிறிஸ்து என்னும் கற்பாறையில் அவற்றை மோதிவிடு என்று. அழகான விளக்கம். ஆனால் எழுதியவன் எண்ணங்களை நினைத்து எழுதவில்லை என்பது வாசிக்கும் எவருக்கும் தெரியும்.

எங்கள் வீட்டிலும் ஒருவர் ஆறாம் வசனத்தோடு நிறுத்தினார். அது என் அப்பா.

மானிப்பாயில் நாங்கள் வளர்ந்த வீட்டில் இரவு ஏழு மணிக்குக் குடும்ப செபம். 1990க்குப் பிறகு மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் அப்பா வாசிப்பார். ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தலில் முடித்து, மறுநாள் மீண்டும் ஆதியாகமம். எதையும் விடமாட்டார். ஆசரிப்புக்கூடாரத்தின் திரைக்கு எத்தனை முழம், எந்தக் கோத்திரத்தில் எத்தனை பேர் என்று எல்லாவற்றையும் அவர் ஒரே குரலில் வாசிக்க, நானும் தங்கச்சியும் பாயில் தூங்கி விழுவோம். "பிடிச்சதை மட்டும் சாப்பிடுறவன் வருத்தக்காரன்" என்பார்.

அந்த வரிசையை அவர் ஒருமுறைதான் மீறினார். 1995 நவம்பர், சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை. மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து வந்து சில நாட்கள். அந்த அறைக்குள் ஐந்தாறு குடும்பங்கள் இருந்தன. அன்று இரவு அப்பா வரிசைப்படி வரவேண்டியதை விட்டுவிட்டு 137ஆம் சங்கீதத்தை எடுத்தார். சைவக் குடும்பங்களும் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள். ஒரு ஆச்சி அழுதா. ஆறாம் வசனம் முடிந்ததும் அப்பா புத்தகத்தை மூடினார். எனக்கு அப்போது 16 வயது. இன்னும் மூன்று வசனம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். குழந்தைகளைப் பற்றிய அந்த வரிக்காகத்தான் விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

2002ல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து போனேன். அங்கே வாசிப்பதை விட்டேன். கோபித்துக்கொண்டு விடவில்லை. குளிர்காலத்தில் ஒரு பழக்கம் கழன்று விழுவதுபோல விழுந்துவிட்டது. பிறகு கனடா, வேலை, கல்யாணம், பிள்ளைகள். 2016ல் அம்மா இறந்தபோது அப்பா தனியே ஆனார். சனிக்கிழமைகளில் போய் இருந்தால் பேச எங்களுக்கு ஒன்றும் இல்லை. அவர் அன்றன்று வாசித்ததைப் பற்றித்தான் பேசுவார். பேச்சுக்கு ஒரு பிடி வேண்டுமே என்று நானும் திரும்ப வாசிக்கத் தொடங்கினேன். விசுவாசத்தால் தொடங்கியதாகச் சொன்னால் பொய்யாகும்.

ஸ்கொட்லாந்துப் போதகர் ரொபர்ட் மறி மக்செய்ன் 1842ல் தன் டண்டீ சபையாருக்காக ஓர் ஓராண்டு அட்டவணை எழுதினார். நாளுக்கு நான்கு பகுதிகள். காலையில் ரயிலில் யூனியன் நிலையத்துக்குப் போய்ச் சேருமுன் முடித்துவிடலாம். இந்த முறையின் ஆபத்துகளையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்: வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம், வாசிக்கிறேன் என்ற சுயநீதி தலைக்கேறலாம், அவசரத்தில் கண் மட்டும் ஓடலாம். மூன்றும் எனக்கு நடந்திருக்கின்றன. அலுவலக மின்னஞ்சலை யோசித்துக்கொண்டே ஏசாயாவின் பாதியைத் தாண்டியவன் நான்.

ஆனால் என் தொழிலில் ஒரு விதி உண்டு. மென்பொருளை எழுதியவனையே அதைச் சோதிக்க விடக்கூடாது. அவன் கெட்டவன் என்பதால் அல்ல. தன் எழுத்து எங்கே நன்றாக ஓடும் என்று அவனுக்குத் தெரியும், கை தன்னாலேயே அந்த வழியில்தான் போகும். பிழை இருக்கும் இடத்தைத் தொடும் தரவை வேறொருவர்தான் கொடுக்க வேண்டும். வேதாகமத்தை நானே திறந்தால் என் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். ஆற்றங்கரைக்குப் போகும். அழுகிறவர்களோடு போய் உட்காரும்.

2022ன் கடைசி மாதங்களில் ஒருநாள் அட்டவணை என்னை ஒபதியாவிடம் கொண்டுபோய் விட்டது. பழைய ஏற்பாட்டில் மிகச் சிறிய புத்தகம், 21 வசனங்கள். யாரும் அதைப் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. அது முழுவதும் ஏதோமைப் பற்றியது. ஏதோமியர் ஏசாவின் வம்சம். ஏசா யாக்கோபின் கூடப்பிறந்தவன். அதாவது எருசலேமுக்கு ஏதோம் அயல், இரத்த உறவு. நகரை அழித்தது பாபிலோன். பின் ஏன் தீர்க்கதரிசிக்கு ஏதோமின்மேல் இவ்வளவு கோபம்?

ஒபதியா குற்றங்களை ஒரு படிவரிசையில் அடுக்குகிறார். அந்நியர் உன் சகோதரனின் பொருளை வாரிக்கொண்டு போன நாளில் நீ ஒதுங்கி நின்றாய். பிறகு நின்று வேடிக்கை பார்த்தாய். பிறகு மகிழ்ந்தாய். பிறகு வாசலுக்குள் நுழைந்து அவன் பொருளில் கை வைத்தாய். கடைசியில், தப்பி ஓடியவர்களைச் சந்தியில் நின்று மறித்தாய். முதல் படி வெறும் நிற்றல்தான். ஆனால் அந்த நிற்றலுக்கே அவர் ஏதோமை அந்நியரில் ஒருவனாக எண்ணிவிடுகிறார்.

ரயில் ஸ்காபரோவைத் தாண்டியது. எனக்கு ஒரு தையல் மெஷின் நினைவுக்கு வந்தது.

1990 ஒக்ரோபர் 30. அதே திகதி, ஐந்து வருடம் முன்பு. யாழ்ப்பாணத்துச் சோனகதெருவில் இயக்கம் ஒலிபெருக்கியில் அறிவித்து, முஸ்லிம் மக்களை ஒஸ்மானியாக் கல்லூரிக்குப் பக்கத்து ஜின்னா மைதானத்துக்கு வரவழைத்தது. இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னது. நகையும் பணமும் வழியில் பறிக்கப்பட்டன. அந்த மாதத்தில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கும் மேற்பட்டவர்கள் இப்படித் துரத்தப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

எனக்கு 11 வயது. எங்கள் நத்தார் உடுப்பு சோனகதெருவில்தான் தைக்கக் கொடுப்போம். அந்த வருடம் கொடுக்கவில்லை. சில நாள் கழித்து டவுனுக்குப் போய்வந்த அப்பா, "தெரு வெறிச்சோடிக் கிடக்குது" என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது. அன்று இரவும் குடும்ப செபம் நடந்தது. கொழும்பிலிருந்த மாமாவுக்காக, குண்டு விழாதிருக்க, பரீட்சைக்காகச் செபித்தோம். அவர்களுக்காகச் செபித்ததாக எனக்கு நினைவில்லை.

டிசம்பரில் அப்பா சைக்கிளில் கட்டி ஒரு தையல் மெஷினின் தலையைக் கொண்டுவந்தார். கால் பகுதி மறுநாள் வண்டிலில் வந்தது. யாரோ விற்றார்கள், மலிவு. யாருடையது என்று யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. மெஷினின் கழுத்தில் 786 என்று ஒரு சிறு தாள் ஒட்டியிருந்தது. இழுப்பறைக்குள் பொத்தான்களும் ஒரு தையல் சோக்கும். இழுப்பறையின் அடியில் சிவப்புப் பெயிண்டில் 'மு.இ.' என்று இரண்டு எழுத்து. அம்மா அந்த 786ஐ உரிக்கவே இல்லை. ஐந்து வருடம் அதில் தைத்தா. அயலவர்களுக்கும் தைத்துக் கொடுத்தா. பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் பாதி அந்த மெஷினால் எரிந்தது.

1995ல் அதை விட்டுவிட்டு ஓடினோம். 1996ல் திரும்பி வந்தபோது மெஷின் இல்லை. கதவும் ஜன்னல் நிலையும்கூட இல்லை.

இங்கே ஒபதியாவின் அடுத்த வசனம் காத்திருக்கிறது: நீ செய்தது உனக்குச் செய்யப்படும் என்று. 1990க்குத் தண்டனைதான் 1995 என்று சொல்லத் தோன்றும். சொல்லியும் கேட்டிருக்கிறேன். நான் அந்தக் கணக்கை எழுத மாட்டேன். அந்த மழையில் கைக்குழந்தைகளோடு நடந்த தாய்மார் யாருக்கும் எதுவும் செய்தவர்கள் அல்லர். ஒரு கூட்டத்தின் கடனை அதன் குழந்தைகளிடம் வசூலிக்கலாம் என்றால், ஒன்பதாம் வசனத்துக்குத்தான் போய்ச் சேர்வோம். கடவுளை அப்படிப்பட்ட கணக்கப்பிள்ளையாக்க எனக்கு மனமில்லை.

அப்படியானால் எங்கள் கடன் என்ன? துவக்கு வைத்திருந்தவர்களுக்கு முன்னால் ஒரு வாத்தியாரால் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எதிர்த்துப் பேசியவர்களுக்கு அந்நாட்களில் என்ன நடந்தது என்று நமக்கெல்லாம் தெரியும். அழுது வழியனுப்பியவர்களும் நம்மில் இருந்தார்கள். ஒபதியாவின் முதல் படியில், ஒதுங்கி நின்றதில், பயத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்காக நான் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். ஆனால் டிசம்பரில் ஒரு மெஷினை மலிவாக வாங்க எங்களை யாரும் துவக்கால் கட்டாயப்படுத்தவில்லை. அதற்குப் பிறகு இந்த நாட்டில் 20 வருடமாக ஒவ்வொரு ஒக்ரோபர் 30லும் ஒரு வெளியேற்றத்தை மட்டும் நினைக்கும்படியும் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பயம் போன பிறகும் மௌனம் நீடித்தால் அதற்கு வேறு பெயர் தேவை.

அப்பாவுக்கு இப்போது 84 வயது. கண் தெளிவில்லாததால் சனிக்கிழமைகளில் நான்தான் வாசிக்கிறேன். செயலாளரின் தொலைபேசிக்குப் பின் வந்த சனிக்கிழமை அவருக்கு 137ஐ வாசித்தேன். ஒன்பது வசனமும். பிறகு கேட்டேன்:

"சாவகச்சேரியிலை ஆறோடை ஏன் நிப்பாட்டினீங்கள் அப்பா?"

ஏழாம் வசனத்துக்காகத்தான் என்று அவர் சொல்லப்போகிறார் என நான் எதிர்பார்த்திருந்தேன். ஏதோமின் பெயரை வாசிக்க அவருக்கு நா எழவில்லை என்று மூன்று வருடமாக எனக்குள் ஒரு கதை கட்டி வைத்திருந்தேன்.

"தங்கச்சி பக்கத்திலை. சுத்திவரக் கைக்குழந்தையள். அதை எப்பிடியடா வாசிக்கிறது?" என்றார்.

அவ்வளவுதான். என் கதை விழுந்துவிட்டது. தேநீர் குடித்தோம். நான் வெளிக்கிட்டுச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் இருந்து சொன்னார்:

"அந்த மெஷினை வாங்கியிருக்கக் கூடாது, தம்பி. கொம்மா வேண்டாமெண்டுதான் சொன்னவ. நான்தான், விலை மலிவெண்டு."

நான் மெஷினைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே போனேன்.

"இப்ப ஆரிட்டைக் குடுக்கிறது?" என்றார்.

இந்தக் கேள்வி வேதாகமத்தில் இருக்கிறது. எண்ணாகமம் ஐந்தாம் அதிகாரம், சிறுவயதில் நான் தூங்கி விழுந்த பகுதிகளில் ஒன்று. பிறருக்கு அநியாயம் செய்தவன் முதலில் அதை அறிக்கையிட வேண்டும். முழுத்தொகையையும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும், பாதிக்கப்பட்டவனிடம் கொடுக்க வேண்டும். வாங்கிக்கொள்ள அவனோ அவன் உறவினனோ இல்லாவிட்டால்? அப்போதும் கடன் அழிவதில்லை. அது கடவுளுக்குரியதாகி, ஆசாரியனிடம் போகிறது. அப்பாவுக்கு அந்த அதிகாரம் தெரியும். எத்தனையோ தரம் எங்களுக்கு வாசித்தவர். "தேடிப் பாக்கமுன்னம் இல்லையெண்டு சொல்லேலாது" என்றார்.

ஆராதனையில் ஒன்பது வசனங்களையும் வாசித்தேன். முன்கூட்டியே செயலாளருக்குச் சொல்லியிருந்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வேறு ஆளைப் போடவும் இல்லை. வாசித்து முடித்ததும், இதே திகதியில் 1990ல் எங்கள் அயலவர்கள் வெளியேற்றப்பட்டார்கள் என்றும், ஏழாம் வசனத்தை ஏதோமின் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன் என்றும் மட்டும் சொன்னேன். மண்டபம் அமைதியாக இருந்தது. என்ன அமைதி என்று எனக்குத் தெரியாது. இரண்டு பேர் எழுந்து போனார்கள். வயதான ஒரு அன்ரி வந்து கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் நின்றா. செயலாளர் கார் தரிப்பிடத்தில் கேட்டார்:

"எங்கடை சனம் அழ வந்த நாள். அண்டைக்கு இது தேவையோ, தம்பி?"

அவர் தன் அண்ணனை அந்த இடப்பெயர்வில் இழந்தவர். அவரிடம் வாதாட எனக்கு உரிமையில்லை. எங்கள் அழுகை பொய் என்று நான் நினைக்கவில்லை. நானும்தான் அந்தப் பாலத்தைக் கடந்தேன். ஆனால் ஆறாம் வசனத்தோடு நிறுத்தினால் நாங்கள் என்றென்றைக்கும் ஆற்றங்கரையிலேயே இருப்போம், வேறெங்கும் இருந்ததே இல்லை என்பதுபோல. ஏழாம் வசனத்தைப் பாட இன்னொருவருக்கும் உரிமை இருக்கிறது. புத்தளத்தில் இருந்து ஒருவர் அதைப் பாடினால் அதில் வரும் அயலான் நான்.

நாள்தோறும் வாசிப்பதால் நான் நல்லவனாகிவிடவில்லை. என் விசுவாசம் இன்றும் சில காலைகளில் இருக்கிறது, சில காலைகளில் இல்லை. அட்டவணை இரண்டு காலைகளிலும் இருக்கிறது. நான் தேடிப் போகாத பக்கத்தை அது திறந்து வைக்கிறது. அதற்காகத்தான் விடாமல் வாசிக்கிறேன்.

கடைசியாக ஒன்று. அப்பா விலையை நினைவில் வைத்திருக்கிறார். அந்நாளில் அப்படியொரு மெஷினின் உண்மையான பெறுமதி என்ன, இன்றைக்கு அது எவ்வளவு என்று இருவருமாகக் கணக்குப் பார்த்து, ஐந்தில் ஒரு பங்கு கூட்டி ஓர் உறையில் வைத்திருக்கிறோம். 1990க்கு முன் யாழ்ப்பாணத்தில் கால் மிதி தையல் மெஷின் வைத்திருந்து, இழுப்பறையின் அடியில் சிவப்பு எழுத்தில் மு.இ. என்று எழுதியிருந்தவரை, அல்லது அவருடைய பிள்ளைகளை, உங்களில் யாருக்காவது தெரிந்திருந்தால் இந்த இதழின் முகவரிக்கு எழுதுங்கள். அப்பா காத்திருக்கிறார்.